நூற்றுப்பதினான்கு என்று கட்டிய கல்

டொரோண்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் இருந்து முதலில் வெளியே எடுத்தது சுத்தியல். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அடுத்து எடுத்தது பத்திரிகைத் தாளில் சுற்றிய பாரைக் கருவாடு. மூக்கருகே கொண்டுபோனவர் ஓரடி பின்னுக்கு நகர்ந்தார். சுத்தியலை என்னிடம் திருப்பித் தந்தார், கருவாட்டைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். ஆளின் மண்டையை உடைக்கக்கூடிய சாமானை நாட்டுக்குள் விடுகிறீர்கள், சோற்றோடு தின்கிற சாமானை விடமாட்டீர்களோ என்று கேட்க வாய் உன்னியது. பின்னால் நீளமான வரிசை நின்றது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எண்பத்தேழாம் ஆண்டு மார்ச் மாதம் அது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிப்பிக்கிறவள். ஊர் யாழ்ப்பாணம், வாய் கொஞ்சம் நீளம். கல்லைப் பார்க்கிற பொறுமையில் அரைவாசியை மனிசரிடம் காட்டினால் எப்போதோ கலியாணம் முடிந்திருக்கும் என்று அம்மா சொல்வா. பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு நான் வந்தது டொரோண்டோவில் குடியேறியிருந்த கிளாரா வென்ட்ஹாம் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பார்க்க.

அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் பெண்களில் அவர் ஒருவர். பெண் கால் வைத்தால் சுரங்கத்தின் கூரை இடிந்து விழும் என்று அங்கிருந்த தொழிலாளர்கள் நம்பினார்கள். அவர் முதன்முதலாக உள்ளே போன அன்று அத்தனை பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஏறி வந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு சுரங்கம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காவல்காரனிடம் சாவி வாங்கித் தனியே இறங்கியிருக்கிறார். ஆண்களின் காற்சட்டையும் ஒரு கோவேறு கழுதையுமாக மலை மலையாக அலைந்து அவர் போட்ட வரைபடங்களை வைத்துத்தான் நாங்கள் படித்தோம்.

நான் டொரோண்டோவுக்கு வருவதற்கு முப்பது வருசத்துக்கு முந்தி அவர் இலங்கைக்கும் வந்திருக்கிறார். கிழக்குப் பக்கத்துப் பாறைகளை நடந்தே வரைபடமாக்கினார். ஒரு சின்னக் குன்றில் மண்ணுக்கு வெளியே ஒரு முழமே தெரிந்த கருநீல நிறப் பாறை ஒன்றைக் கண்டேன், தெரிந்ததை முழுக்க உடைத்து எடுத்தேன் என்று குறிப்பேட்டில் எழுதினார். அதே மாதிரிப் பாறை மடகாஸ்கரிலும் இருக்கிறது, ஆகவே இந்த நிலங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து விலகிப் போனவை என்பது அவருடைய வாதம். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னால் அமெரிக்காவில் பேராசிரியர்கள் வாயைப் பொத்திச் சிரித்த காலம் அது. சாட்சிக்குக் கல் இருக்கிறது என்று அவர் நம்பிக்கையோடு இருந்தார். இலங்கையிலிருந்து போன சாக்கை எல்லாரும் சுற்றி நிற்க அவிழ்த்தார்கள். நூற்றுப்பதினான்கு என்று துணிப்பட்டியில் இலக்கம் எழுதிக் கட்டிய ஏழு கற்களும் சாதாரணக் கருங்கல். நீலம் மருந்துக்கும் இல்லை. அம்மணி முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நானும் என் பங்கைச் செய்தேன். என்னுடைய ஆய்வேட்டுக்காக மூன்று தரம் அந்தக் குன்றுக்குப் போனேன். நீலப் பாறையைக் காணவில்லை. வென்ட்ஹாம் கண்டதாகச் சொல்லும் பாறை அங்கே இல்லை என்று ஒரு பந்தி எழுதினேன். அந்தப் பந்திக்காக எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது. இப்போது அவர் படிப்பித்த பல்கலைக்கழகம் அவரைப் பற்றி ஒரு தொகுப்பு நூல் போடுகிறது. இலங்கைப் பகுதியை யார் எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டார்களாம். நான் பிழை என்று எழுதிய அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றாராம். கடிதத்தைப் படித்தபோது கையில் இருந்த தேத்தண்ணி சிந்திப் போனது.

தங்குவதற்கு மோர்னிங்சைட்டில் ஒரு தமிழ் வீட்டை அவரே ஒழுங்கு செய்திருந்தார். விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போனது அந்த வீட்டுக்காரர், தங்கராசா அண்ணை. ஐம்பத்தைந்து வயசு, மெலிந்த உடம்பு, மூன்று சுவெட்டர், அதற்கு மேலே ஒரு கோட். மட்டக்களப்புப் பக்கம். கிளாரா இலங்கையில் வேலை செய்த காலத்தில் அவருக்குச் சாக்குச் சுமந்தவர் இவர்தான் என்று காரில் வைத்துச் சொன்னார். ஆய்வேடு எழுதிய காலம் முழுக்க இந்த மனிசன் உயிரோடு இருக்கிறாரா என்று நான் தேடிப் பார்த்ததே இல்லை.

“துரைசாணி ஒவ்வொரு வருசமும் நத்தாருக்கு வாழ்த்து மட்டை போடுவா,” என்று கிளாராவைப் பற்றிச் சொன்னார் அண்ணை. “ரெண்டு வருசத்துக்கு முந்தி இஞ்ச வந்து எறங்கக்குள்ள எனக்கு ஆரையும் தெரியா. அந்த மட்டையத்தான் ஒபிசர்ட்டக் காட்டினன். அவா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போனா.”

அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் விசாரணை. அதற்கும் கிளாராதான் கடிதம் எழுதித் தரப்போகிறார். அண்ணை விடியக்காலம் கட்டடங்களில் துடைக்கிற வேலைக்குப் போகிறார், மருமகன் மிசிசாகாவில் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் வேலை, மகள் மாலா வீட்டோடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணை சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளாரா வீட்டுக்குப் போய்விடுவாராம். அவருக்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும், இவருக்கு இங்கிலிஷ் இருபது சொல். இரண்டு பேரும் பேசாமல் இருந்து தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்ப்பார்களாம்.

அன்று மாலா குழல்புட்டும் தகரத்தில் அடைத்து வரும் ரின்மீனில் குழம்பும் வைத்தாள். தேங்காய்ப்பூ பாக்கெட்டில் வந்தது, ஆனாலும் புட்டு பஞ்சாக இருந்தது. செத்தல் மிளகாய் பொரித்த நேரம் கூரையில் ஒரு பெட்டி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. நான் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தங்கராசா அண்ணை நிதானமாகக் கதிரையில் ஏறி, துவாயால் அந்தப் பெட்டிக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

“ஒண்டுமில்ல தங்கச்சி, இருங்க. தாளிச்ச புகை பட்டா உது கத்தும்,” என்றார். மேல்வீட்டிலும் அதே நேரம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கிளாரா வீட்டுக்குத் தனியாகப் புறப்பட்டேன். பஸ் சாரதி ஒரு சின்னத் துண்டுக் கடதாசி தந்தார். அதைக் காட்டினால் அடுத்த பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு வேண்டாம் என்று மாலா சொல்லித் தந்திருந்தாள். அவள் சொல்ல மறந்தது ஒன்று, இடையில் இறங்கி வேடிக்கை பார்த்தால் துண்டு செல்லாது. ஏரிக்கரையில் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் பெரிய மண்சரிவைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்க்காமல் போக மனம் வரவில்லை. இறங்கி ஒரு மணித்தியாலம் குளிரில் விறைத்துக்கொண்டு பார்த்தேன். பனிக்கட்டி ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக் கடித்தும் பார்த்தேன். பல்லில் நெறுநெறுத்தால் வண்டல், வெண்ணெயாக வழுக்கினால் களி, எங்கள் தொழிலில் அதுதான் சோதனை. திரும்ப ஏறப் போனபோது சாரதி துண்டைப் பார்த்தார், என் வாயோரத்து மண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நானும் விடவில்லை. கொழும்பில் பஸ் வராமல் விடும், வந்த பஸ் ஆளை விட்டுவிட்டுப் போகும், ஆனால் காசு வாங்கிய பிறகு இப்படிச் சட்டம் பேசாது என்று என் இங்கிலிஷில் சொன்னேன். பின்னால் இருந்த கிழவர் ஒருவர், “யாராவது அவளுடைய காசைப் போடுங்களேன், நான் வேலைக்குப் போக வேண்டும்,” என்றார். வெட்கமாகப் போய்விட்டது. காசைப் போட்டேன்.

கிளாரா பார்க்டேலில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடியில் இருந்தார். தெருவில் ட்ராம் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆறடி உயரத்துக்கு ஒரு ஆம்பிளைத்தனமான உருவத்தை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தது என் தோளுக்கும் எட்டாத ஒரு கிழவி. எழுபத்தெட்டு வயசு, கண்ணாடி இல்லை.

“நீ எழுதியது சரி,” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. வணக்கமில்லை, உள்ளே வா இல்லை.

மேசையில் குறிப்பேடு திறந்தே கிடந்தது. பென்சில் எழுத்து, ஒரு அழிப்பு இல்லை. குறிப்பேட்டில் அழிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். பிழை என்றால் ஒரே ஒரு கோடு இழுத்து வெட்டவேண்டும், வெட்டியது வாசிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் பெயரின் முதலெழுத்துப் போடவேண்டும். நூற்றுப்பதினான்காம் இலக்கத்தில் அவர் பாறையைப் பற்றி எழுதியிருந்த ஆறு வரிகளையும் அப்படி வெட்டியிருந்தார். கீழே, ‘பார்த்தவரின் பிழை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். வேறொருவர் பேசினது போதாதென்று தன்னைத்தானே அப்படி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு மேலெல்லாம் கூசியது.

“மூன்று கண் வைத்தியர்களிடம் போனேன்,” என்றார் கிளாரா. “கண்ணில் குறை இல்லை என்றார்கள். அப்படியென்றால் குறை தலையில்தான். இல்லாததைக் காண்கிறவள் வரைபடம் போடக்கூடாது. அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. வகுப்பறையில் இருந்துவிட்டேன்.”

“கண்டங்கள் நகர்ந்தது உண்மைதானே, இப்போது எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்,” என்றேன் நான், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“பரீட்சையில் விடை சரி, செய்த முறை பிழை என்றால் நீ புள்ளி போடுவாயா?” என்று கேட்டார். போடமாட்டேன்.

நாற்பத்தெட்டு வயசில் மலை ஏறுவதை நிறுத்திய மனிசி. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பெட்டிக்குள் இருக்கிற கல்லைக் காட்டிப் படிப்பித்திருக்கிறார். நான் எழுதிய அந்தப் பந்தியை அவர் வாசித்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க எனக்கு அந்தக் கதிரையில் இருக்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் குறிப்பேடுகளைப் பிரதி எடுத்தேன். மத்தியானங்களில் நகரத்துக்குள் நடந்தேன். பெரிய வங்கி ஒன்றின் வெளிச்சுவருக்கு மினுக்கிய கல் பதித்திருந்தார்கள். விரலில் எச்சில் தொட்டுச் சுவரில் தேய்த்துப் பார்த்தேன், நனைந்தால்தான் கல்லின் நிறம் துலங்கும். சீருடை போட்ட காவலாளி ஒருவர் ஓடிவந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். இது நோர்வேயிலிருந்து வந்த கல் என்று சொன்னேன். அவர் சுவரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், “அப்படியே இருக்கட்டும், தொடாதே,” என்றார். எங்களூரில் வங்கிக் காவலாளியின் தோளில் துவக்கு தொங்கும், ஆனால் சுவரைத் தொட்டதற்கு ஆள் வராது.

சனிக்கிழமை பின்னேரம், விளக்குப் போடுகிற நேரத்துக்கு, நாங்கள் சாப்பிட இருந்தோம். தங்கராசா அண்ணை, மாலா, நான். மருமகன் வேலையில். துரைசாணியிடம் தினமும் என்ன கதைக்கிறீர்கள் என்று அண்ணை கேட்டார். அவருக்குக் கிளாராவின் கதை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது சொல்லில் யார் இதைச் சொல்லமுடியும். நான் சொன்னேன். குன்றிலே ஒரு கல்லைக் கண்டதாக அவ எழுதியது, அமெரிக்காவில் சாக்கை அவிழ்த்தது, உள்ளே வேறு கல் இருந்தது, சிரித்தது, அவ மலைக்குப் போகாமல் விட்டது.

அண்ணை புட்டைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டார்.

“எந்தக் குன்று தங்கச்சி? வேல்கோயில் இருக்கே, அதா?”

“ஓம், அதுதான்.”

“ஏழு கல்லா? மயில்ட கழுத்து மாதிரி நீலமா?”

நான் நிறத்தைச் சொல்லவே இல்லை. எத்தனை கல் என்றும் சொல்லவில்லை. ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“அது நாந்தான் மாத்தின,” என்றார் அண்ணை.

குரலில் ஒரு குற்றமும் இல்லை. கடையில் மிச்சக்காசு மாற்றினேன் என்று சொல்வது மாதிரிச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், அப்போதுதான் அவருக்கே ஏதோ உறைத்தது. மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

“துரைசாணிக்கு அப்ப சரியான காய்ச்சல். வாடிவீட்டுல படுத்திருந்தா. சாக்கை டேசனுக்குக் கொண்டு போகச் சொல்லி எனக்கிட்டத் தந்தா. வழியில ஊராக்கள் வண்டிய மறிச்சிட்டாங்க. முருகன்ட மலைக் கல்ல வெள்ளைக்காரிக்குத் தூக்கிக் குடுக்கிறியா, இனி மழை பெய்யுமாடா எண்டு பூசாரியார் கேட்டார். எனக்கும் பயம். நானும் அந்தச் சாமியக் கும்பிடுறவன்தானே. ஏழையும் எடுத்துக் குடுத்திட்டன். மறுகா யோசிச்சன், துரைசாணி என்னை நம்பித் தந்தவ, சாக்குக் குறைஞ்சா அவவுக்கு நட்டம். டேசன்ல தண்டவாளத்துக்குப் போட்டிருந்த கல்லுல அதே அளவா ஏழு தெரிஞ்செடுத்தன். நம்பர் எழுதின துணிப்பட்டிய ஒண்டொண்டாக் கட்டினன். சங்கக்கடைத் தராசில சாக்கை வெச்சு நிறுத்தும் பாத்தன். அவா நிறுத்தெழுதின நிறை. ஒரு றாத்தல் கூடவுமில்ல, குறையவுமில்ல.”

“அதைப் பிறகு அவவிட்டச் சொல்லேல்லையா அண்ணை?”

“கல்லுத்தானே தங்கச்சி. நிறை சரியா இருந்திச்சே.”

எனக்குக் கோபம் வந்தது என்றால் அப்படிக் கோபம். இந்த மனிசனின் தராசையும் பூசாரியையும் அந்த ஊரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டவேண்டும் போல இருந்தது. ஒரு பெண்ணின் முப்பது வருசம். வாயைத் திறந்தேன், அண்ணை அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

“அந்தக் கல்லுகள எங்கயும் எறியல்ல. வேலுக்குக் கீழ வரிசையா வெச்சு எண்ணெய் வாக்கிறாங்க. கறுத்துப் போய் இருக்கும்.”

அந்த ஏழு கற்களை எனக்குத் தெரியும். மூன்று தரம் நான் அந்தக் குன்றுக்குப் போனபோதும் முதல் வேலையாகக் கோயிலடிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கற்களுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். நான் தேடி வந்த பாறை கிடைக்கவேண்டும் என்று அவற்றிடமே கேட்டுக் கும்பிட்டேன். பிறகு குன்று முழுக்க ஏறி இறங்கிவிட்டு, அப்படி ஒரு பாறை இல்லை என்று எழுதினேன். சட்டைப் பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. ஒரு தரம் குனிந்து எண்ணெயைத் துடைத்துப் பார்த்திருந்தால் போதும். சாமியை யார் உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

“துரைசாணிட்ட நாளைக்குச் சொல்லவேணும்,” என்றார் அண்ணை.

மாலா கோப்பையை மேசையில் வைத்தாள். “அப்பா, உங்களுக்கு விசரா? வாற மாசம் கேஸ். அவதான் லெட்டர் தரவேணும். அவக்கு வயசு போயிற்று, இனித் தெரிஞ்சு என்ன செய்யப் போறா? டீச்சர், நீங்க சொல்லுங்க.”

அந்த ஊர்ச் சனமெல்லாம் இடம்பெயர்ந்துவிட்டது, குன்றடியில் இப்போது யாரும் போய்வரமுடியாது, கல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை அனுப்பவும் வழியில்லை. இருக்கிற சாட்சி இந்த மனிசனின் வாயும் என் வாயும் மட்டும்தான். இவர் பேசாவிட்டால் கிளாரா இல்லாததைக் கண்டவராகவே செத்துப்போவார். பேசினால் இந்தக் குடும்பம் என்ன ஆகுமோ. அவர் பேசாவிட்டால் என் பங்கும் வெளியே வராமலே போகும் என்று ஒரு மூலையில் நினைத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அவ கடிதம் தராட்டி வேற வழி பாப்பம்,” என்றார் அண்ணை மகளிடம். “அவவுக்குக் கண் பிழையில்லை எண்டு அவவுக்குத் தெரியவேணும் புள்ள.” அதோடு எழுந்து கையைக் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் மடியில் சாப்பாட்டுப் பெட்டி. இடியப்பமும் சொதியும். மாலா கோபத்தோடுதான் அவித்தாள், ஆனாலும் அவித்தாள். இரண்டு பையன்கள் முன்னால் இருந்து முந்திய நாள் ஹொக்கி ஆட்டத்தைப் பற்றி, “அந்தக் கடைசிக் கோல் செல்லாது, நடுவர் குருடன்,” என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஒவ்வொரு தரிப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிளாரா தொலைக்காட்சியைப் போட்டு வைத்துக் காத்திருந்தார். அண்ணை சப்பாத்தைக் கழற்றினார், இருக்கவில்லை. கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே தமிழில் சொன்னார். நான் வசனம் வசனமாக இங்கிலிஷில் சொன்னேன். சில இடங்களில் கொஞ்சம் மெதுவான சொல்லாகப் போடலாமா என்று மனம் இழுத்தது, போடவில்லை. மழை, பூசாரி, தண்டவாளம், துணிப்பட்டி, தராசு எல்லாம் சொன்னேன். கிளாரா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். யன்னல் பக்கம் போய் நின்றார்.

“சிவப்புப் புள்ளிகள் இருந்தனவா என்று கேள்,” என்றார், திரும்பாமலே. “குண்டூசித் தலையளவு.”

கேட்டேன்.

“இருந்திச்சு,” என்றார் அண்ணை. “அதாலதான் ஊராக்கள் விடமாட்டம் எண்டாங்க. கல்லுக்குச் சாமியே பொட்டு வெச்சிருக்கு எண்டு பூசாரியார் சொன்னார்.”

அதையும் சொன்னேன். கிளாரா மேசைக்கு வந்து குறிப்பேட்டை விரித்தார். வெட்டியிருந்த ஆறு வரிகளுக்குள் ஒன்றில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். கருஞ்சிவப்புப் புள்ளிகள், குண்டூசித் தலையளவு என்று இருந்தது. பென்சிலை எடுத்தார். ‘பார்த்தவரின் பிழை’ என்ற இரண்டு சொல்லுக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்தார். பக்கத்தில் திகதியும் பெயரின் முதலெழுத்தும் போட்டார். முகத்தில் சந்தோசம் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

“இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேண்டாம் என்று இவரிடம் சொல்,” என்றார்.

அதையும் ஒரு சொல் மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

தங்கராசா அண்ணை தலையை ஆட்டினார். “நியாயந்தான். இடியப்பத்தச் சூட்டோட சாப்பிடச் சொல்லுங்க,” என்றார். வாசலுக்குப் போய்க் குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். விரல் விறைத்த மனிசன், ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “இன்னும் ஒன்று இருக்கிறது,” என்றேன் கிளாராவிடம். மூன்று தரம் போனதையும், கற்பூரத்தையும், ஏழு கறுத்த கற்களையும், நான் கேட்ட வேண்டுதலையும் சொன்னேன். என்னுடைய இங்கிலிஷ் அன்றைக்குப் போல என்றைக்கும் தடுமாறியதில்லை.

“எவ்வளவு தூரத்தில் நின்றாய்?”

“கைக்கெட்டுகிற தூரம்.”

“உருப்பெருக்கி?”

“சட்டைப் பையில்.”

தெருவில் ட்ராம் ஒன்று போய் முடிந்தது.

“அவர் சுமக்க வந்தவர்,” என்றார் கிளாரா. “கல்லைப் பார்ப்பது அவருடைய வேலை இல்லை. அவரை உட்காரச் சொல்.”

“அண்ணை, சப்பாத்தைக் கழட்டுங்கோ,” என்றேன். “இருக்கச் சொல்லுறா.”

அவர் நம்பாமல் கிளாராவைப் பார்த்தார். கிளாரா தன் பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இடியப்பத்தின் மேல் சொதியை ஊற்றி, கையாலேயே பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அண்ணை வந்து அந்தக் கதிரையின் நுனியில் இருந்தார்.

“அவருடைய வழக்குக்கான கடிதத்தை நான் நாளைக்கு எழுதுகிறேன்,” என்றார் கிளாரா என்னிடம். “நீ உன்னுடையதை இப்போது எழுது. உன் பெயரைப் போட்டு.” வெற்றுத் தாளையும் பென்சிலையும் மேசையின் என் பக்கத்துக்குத் தள்ளினார்.

அறையில் இன்னும் ஒரு கதிரை இருந்தது. கிளாரா வென்ட்ஹாம் கண்ட பாறை அங்கே இருந்தது, அதன் முன்னால் நான் மூன்று தரம் கும்பிட்டுவிட்டு இல்லை என்று எழுதினேன் என்பது முதல் வரி. அதை மேசையோரம் நின்றபடியே எழுதினேன். என்னை அவர் உட்காரச் சொல்லவில்லை.